பால் வாங்கப் போனவர்

சௌந்தரவல்லிக்கு வாய் கொஞ்சம் நீளம். அது அவளுக்கே தெரியும். புருஷன் கனகசபை போய்ச் சேர்ந்த பிறகு அந்த வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. பிள்ளை குட்டி கிடையாது. சுவரோடு எத்தனை நாள் சண்டை போடுவது? வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்துவிட்டாள்.

மடத்துத் தலைவி அவளைவிட வயதில் சின்னவர். பெரியசாமியாரிடம் சீடராக வந்து, அவர் சமாதியான பின் அவர் இடத்தில் உட்கார்ந்தவர். ஊரே சின்னச்சாமி என்றுதான் கூப்பிடும். சௌந்தரவல்லியும் அவரைச் சாமி என்பாள். சாமியோ அவளை அக்கா என்பார்.

அன்று டவுன் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மாமரத்தடிக்குப் போனாள். சாமி திருநீறு சலித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. டாக்டர் என்ன சொன்னார்?"

"என்னத்தச் சொன்னான்! தைராய்டு இன்னும் கட்டுக்குள்ள வரலையாம். மறுபடியும் மாத்திரையைக் கூட்டியிருக்கான். இப்படியே போனா நெஞ்சையும் புடிச்சுக்கும்னு பயமுறுத்தறான்."

பயமுறுத்தல் என்று தள்ளிவிட முடியாது. அவள் முகம் ஊதிக் கிடந்தது. குரல் கரகரத்தது. சித்திரை வெயிலில் சால்வை போர்த்தியிருந்தாள். தியானத்துக்கு உட்கார்ந்தால் குறட்டை விட்டாள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கப் படும் பாடு தனிக் கதை. கிணற்றடியில் தலை சுற்றி விழப் பார்த்தவளை யாரோ இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

"மாத்திரையை எப்படிப் போடறீங்கன்னு கேட்டாரா?"

"கேட்டான். காபியோடதான் முழுங்கறேன்னேன். அதுக்கு ஒரு சத்தம் போட்டான் பாருங்க! வெறும் வயித்துல தண்ணியில போடணுமாம். போட்டு ஒரு மணி நேரம் காபி கிட்டயே போகக் கூடாதாம். காபி உள்ள போனா மருந்து உடம்புல சேராதாம்."

"சரி, அப்படியே செய்வோம்."

"நீங்களும் அவன் பக்கமா? நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க சாமி. வீட்டுக்காரர் இருந்த காலத்துலயும் இதே மாத்திரைதான். இதே காபிதான். கண்ணு முழிச்சதும் மாத்திரை, அடுத்தது காபி. வருஷக்கணக்கா நான் நல்லாத்தானே இருந்தேன்? இப்ப மட்டும் ஏன் வேலை செய்யல? மருந்து மாறிடுச்சா, இல்ல நான் மாறிட்டனா?"

சாமி சல்லடையைக் கீழே வைத்தார்.

"அப்ப வீட்ல மாத்திரை யார் எடுத்துக் குடுப்பாங்க?"

"அவர்தான்."

"காபி?"

"அதுவும் அவர்தான். அதுல ஒரு குறை சொல்லக் கூடாது. ஆனா லேட்டு. மாத்திரையக் கையில குடுத்துட்டுப் பால் வாங்கக் கிளம்பிடுவார். பால் பூத் எங்க இருக்கு? தெருக்கோடியில. போன மனுஷன் லேசுல வரமாட்டார். எனக்குத் தலை வெடிக்கும்."

"முதல் நாள் பால் கொஞ்சம் இருக்காதா?"

"இருக்க விடுவாரா? படுக்கப் போறதுக்கு முன்னாடி மிச்சப் பால் அத்தனைக்கும் உறை ஊத்திடுவார். ஃபிரிட்ஜ் எதுக்குய்யா இருக்குன்னு கத்துவேன். பழைய பால்ல காபி நல்லா இருக்காதும்பார். அம்புட்டு நாக்கு!"

"அவருக்குக் காபின்னா அவ்வளவு பிரியமா?"

சௌந்தரவல்லி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"அவர் டீதான் குடிப்பார்."

சாமி, "அப்ப டாக்டர் என்ன சொல்லியிருந்தார்?" என்றார்.

"எனக்கெங்க தெரியும்? ஆஸ்பத்திரி வாடையே எனக்கு ஆகாது. ரத்தத்தக் குடுத்துட்டு வெளியில வந்துடுவேன். உள்ள போய்ப் பேசறது அவர்தான். நான் இருந்தாலும் கேட்டிருப்பேங்கறீங்களா? ஒருதடவை லேகியம் சாப்பிடறப்ப காபி ஆகாதுன்னாங்க. லேகியத்தத்தான் தூக்கிப் போட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. சால்வை நுனியை விரலில் சுற்றினாள்.

"யார்கிட்டயும் சொன்னதில்ல சாமி. பக்கத்து வீட்டுப் பொம்பளை ஒருநாள் வந்து, 'உங்க வீட்டுக்காரர் பால் பாக்கெட்ட மடியில வச்சுக்கிட்டுப் பிள்ளையார் கோவில் படியில சும்மா உக்காந்திருக்காரே, வீட்ல ஏதும் சண்டையா?'ன்னா. நான் போய்ப் பாத்தேன். நெசந்தான். பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்ல. ஒத்தையா உக்காந்திருந்தார். கூப்பிடாம வீட்டுக்குத் திரும்பிட்டேன்."

"வந்ததும் கேட்டீங்களா?"

"கேக்காம விடுவேனா? என் மூஞ்சில முழிக்கப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்கன்னு ஆடித் தீத்துட்டேன். மனுஷன் வாயத் திறக்கல. காபிய ஆத்திக் கையில குடுத்தார். மறுநாளும் போய் அங்கயேதான் உக்காந்தார். கட்டினவளோட இருக்கறதுக்குக் கல்லுப் படியே மேல்னு ஆயிடுச்சு அவருக்கு. கடைசி வரைக்கும் அப்படித்தான். அவர் போனப்ப ஊரே அழுதுச்சு, எனக்கு ஒரு சொட்டு வரல. நான் யாருக்கும் வேண்டாதவளாவே வாழ்ந்துட்டேன் சாமி."

சாமி கையில் ஒட்டியிருந்த திருநீற்றைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு உங்க காபி என் பொறுப்புக்கா."

விடிந்தும் விடியாத நேரத்தில் சாமி வந்தார். மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்து, அவள் விழுங்கும் வரை நின்றார். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஊருக்குள்ள போய்ப் பால் வாங்கிட்டு வர்றேன்."

"இங்க கொட்டில்லயே மாடு நிக்குதே!"

சாமி தூக்குவாளியோடு நடந்துவிட்டார்.

சௌந்தரவல்லி அடுப்படியில் உட்கார்ந்தாள். டிகாஷன் இறங்கியிருந்தது. அந்த வாசனையே அவளைக் கொன்றது. மற்றவர்கள் குளிக்க ஆற்றுக்குப் போயிருந்தார்கள். குழாய் சொட்டும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. நெற்றிப்பொட்டில் வலி மெல்ல எட்டிப் பார்த்தது. மடத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் காலையில் இப்படிச் சும்மா உட்கார்ந்ததே இல்லை. எழுந்ததும் காபி, அதைக் கையில் பிடித்தபடியே வேலை என்று ஓட்டிவிடுவாள். இன்று கையில் ஒன்றும் இல்லை. வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. இனிமேல் தனக்கென்று வாசலில் வந்து நிற்க ஒருத்தரும் இல்லை என்று தோன்றியது.

அழுகை வந்துவிடுமோ என்று பயந்து, அவசரமாகக் கோபப்பட்டாள். அதுதான் அவளுக்குக் கைவந்தது.

"பால் வாங்கப் போனவங்க அப்படியே பரலோகம் போயிட்டாங்களா?"

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். மடத்துக் கதவைத் தாண்டி, வாழைத்தோப்பைத் தாண்டி, மூச்சு வாங்க வாங்க நடந்தாள். ஊருக்குப் போகும் வழியில் வாய்க்கால் மதகு இருக்கிறது. அதன்மேல் சாமி உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குவாளி. மூடியைத் தாண்டி நுரை வழிந்து காய்ந்திருந்தது. வாங்கி வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். சாமி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

சௌந்தரவல்லிக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"ஏங்க! பால வாங்கி வச்சுக்கிட்டு இங்க என்னத்துக்கு உக்காந்திருக்கீங்க? வீட்டுக்கு வர மனசு வரலையா?"

கத்திய பிறகுதான் எதிரில் இருப்பது யார் என்று உறைத்தது. சாமியைப் போய் 'ஏங்க' என்று கூப்பிட்டிருந்தாள். வீடு என்றும் சொல்லியிருந்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமி கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் நகர்ந்து அவளுக்கும் இடம் விட்டார்.

"இன்னும் கொஞ்சம் நேரம் ஆகணும்க்கா. இப்பவே அங்க வந்தா நீங்க காபி கேப்பீங்க."

"கேட்டா என்ன சாமி? இன்னும் நேரம் ஆகலன்னு சொல்லிட வேண்டியதுதானே?" அவள் மதகில் உட்கார்ந்தாள். "அதுக்காக இப்படி ஒத்தையில வந்து உக்காரணுமா?"

"உங்க மூஞ்சியப் பாத்தா குடுத்துடுவேன்க்கா. அதான் இங்க உக்காந்துட்டேன்."