தப்பான பதிலுக்கு வந்த கூட்டம்

நாகர்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக். லேப் கம்ப்யூட்டர் எல்லாம் வைரஸில் படுத்துவிட்டன. ஆலோசகர் நித்தியகல்யாணம் வந்து, "விண்டோஸை எடுத்துவிட்டு எல்லாவற்றிலும் வஜ்ரா லினக்ஸ் போடுங்கள். அதில் வேண்டிய மென்பொருளையெல்லாம் நாமேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதுதான் கம்பீரம்!" என்றார்.

லேப் உதவியாளர் மரியபுஷ்பம் கடிகாரத்தைப் பார்த்தாள். நாளைக்குப் பரீட்சை, ஹால் டிக்கெட் இன்னும் அச்சாகவில்லை. பலரும் பயன்படுத்தும் டெபியன் லினக்ஸ் என்றால் பிரின்டர் மென்பொருள் கேட்டதும் துணைக்கு வேண்டியவற்றோடு வந்து இறங்கிவிடும்.

"வஜ்ராவில சிக்கல் வந்தா யாரைக் கேக்கிறது சார்?"

"உலகமே ஓடி வரும்!"

"அப்ப மேடம் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எதுக்கு ஆள் வருதுன்னு பாத்துருவோம். தப்பாச் சொன்னாத்தான் திருத்த ஓடி வருவாங்க."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பிரின்சிபால் மேடம் தலையாட்டினார். பிரின்டர் ஓட வேண்டுமானால் கம்ப்யூட்டரை அணைத்து வைக்க வேண்டும் என்று இரண்டு லினக்ஸின் இணைய மன்றத்திலும் வேண்டுமென்றே அபத்தமாக எழுதிப் போட்டாள் புஷ்பம்.

டெபியன்காரர்கள் பாய்ந்து வந்தார்கள். ஒருவர் திட்டினார். இன்னொருவர் திட்டியவரைத் திட்டினார். மூன்றாமவர் சரியான வழியையே எழுதிவிட்டார்.

"இந்தச் சண்டைக்காரர்களையா நம்புவது?"

"சண்டை போடவாவது ஆள் இருக்கே சார்."

வஜ்ரா மன்றத்தில் ஈ காக்கை இல்லை. புஷ்பம் எழுதியதற்குக் கீழே, பதிலே வராத பழைய கேள்வி ஒன்று கிடந்தது. மேடம் சத்தமாகப் படித்தார்: "என் பிரின்டர் ஓடவில்லை. தயவுசெய்து யாராவது உதவுங்கள். இப்படிக்கு, நித்தியகல்யாணம்."

டெபியனே ஏறியது. முதல் ஹால் டிக்கெட் வந்து விழுந்ததும்தான் புஷ்பத்துக்கு மூச்சே வந்தது. பின்னால் மெல்ல ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா, அந்த மூணாவது ஆள் சொன்ன வழி, என் பிரின்டருக்கும் சரிப்படுமா?"