குறை சொல்ல முடியாத பெடல்

தென்காசிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழு. அதில் கிடார் வாசிக்கும் எட்வின் துரையிடம் ஒன்பது பெடல்கள் இருந்தன. காலால் மிதித்தால் ஒவ்வொன்றும் கிடாரை ஒவ்வொரு விதமாகப் பேசவைக்கும். அவற்றைப் பலகையில் அடுக்கி ஒயர் மாட்டுவது பேச்சித்தாயின் வேலை.

ஒத்திகையில் ஒருநாள், "கொஞ்சம் சுருதி சேத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டாள். துரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எனக்கே சுருதி சொல்லுதியா? எதை மிதிச்சா என் வாசிப்புல ஒருத்தனும் குத்தம் சொல்ல முடியாதோ, அந்தப் பெடலை முதல்ல வை. இல்லேன்னா நாளைக்கு வராதே!"

துரை இதுவரை மிதித்தே பார்க்காத ஒரு பெடலை அவள் எடுத்து வரிசையில் முதலாவதாக மாட்டினாள்.

"மிதிங்க அண்ணாச்சி."

துரை மிதித்தார். தலையை ஆட்டி ஆட்டி வாசித்தார். பொட்டுச் சத்தம் வரவில்லை.

"என்னம்மா இது?"

"யாராவது குத்தம் சொன்னாங்களா?"

குழுவே சிரித்தது. டிரம்ஸ்காரர் குச்சியையே கீழே போட்டுவிட்டார்.

"இது சுருதி பாக்குற டியூனர், அண்ணாச்சி. மிதிச்சா சத்தத்தை அடைச்சிரும். சுருதி விலகியிருந்தா சிவப்பு விளக்கு எரியும். அதையும் ஊருக்குச் சொல்லாது, உங்க கண்ணுக்கு மட்டுந்தான் சொல்லும்."

துரை குனிந்து பார்த்தார். சிவப்பு. மெதுவாகக் கிடாரின் முறுக்காணியைத் திருகினார். பச்சை எரிந்தது.

"சரி," என்றார். "அடுத்த பெடலை எங்க வைக்கலாம், சொல்லு தாயி."