நயினாரின் கைப்பிடிகள்

"கேமரா கையில நிக்க மாட்டேங்குது டீச்சர்," என்றார் நயினார்.

பிரிசில்லா டீச்சர் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தக் கையில?"

"கேமரா பிடிக்கிற கையிலதான். வேற எந்தக் கையில?"

டீச்சர் ஒரு தலையணை உறையை உதறினார். தண்ணீர் நயினாரின் முகத்தில் தெறித்தது.

நயினாருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. சங்கரன்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணப் படம் எடுப்பதில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு சமீபத்தில் நின்றுபோயிருந்தது. தன்னைவிட இளையவளான ஒரு பெண்ணிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறதே என்று தூத்துக்குடி வரும்வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார்.

ஆனால் கேமராக்காரர்கள் வேறு யாரிடமும் போவதில்லை. பத்திரிகைக்குப் படமெடுத்து, அதில் சலித்து, கடற்கரைப் பக்கம் குடிவந்த பிரிசில்லாவை எல்லோரும் டீச்சர் என்றார்கள். அவர் பாடம் எடுத்து யாரும் பார்த்ததில்லை.

நயினார் பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்தார்.

கேமராவின் அடியில் மாட்டும் பேட்டரிப் பிடி. கையைச் சுற்றிக் கட்டும் தோல்பட்டை. கட்டைவிரல் அழுத்தி நிற்க ஒரு இரும்பு நாக்கு. வழுக்காமலிருக்க ரப்பர் சட்டை. பக்கவாட்டில் திருகிக்கொள்ள ஒரு மரப்பிடி.

"இதுல எது நல்லது? ஒண்ணே ஒண்ணச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள என் கை ஆடாம நிக்கணும்."

"வெள்ளிக்கிழமை என்ன?"

"என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். சின்னவளுக்கு. பிறந்த வீட்டுல கண்ணு முழிச்சதுல இருந்து அவ படம் பூராவும் நான் எடுத்தது. இப்ப எந் தங்கச்சி கோமதி என்ன சொல்லுதா தெரியுமா? 'நீ எடுக்க வேண்டாம்ணே, வேற ஆளுக்குச் சொல்லியாச்சு'ங்கா. என்கிட்ட. எவனோ ஒருத்தன் வந்து எம் மருமகளுக்குத் தாலி கட்டுறதப் படம் எடுக்கணும், நான் வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கணும்."

சொல்லச் சொல்ல இன்னும் உரக்கப் பேசினார்.

"இந்தச் சவத்துக் கேமராவால வந்தது."

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

கோமதியின் மூத்த மகளின் கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்டுகிறான். ஆனால் கட்டுகிறானா அவிழ்க்கிறானா என்று தெரியாத அளவுக்குப் படம் ஆடியிருந்தது. இடது ஓரத்தில் ஒரு பெரிய கை மங்கலாக நீண்டிருந்தது.

"இது யாரு கை?" என்றார் டீச்சர்.

"மாப்பிள்ளையோட சித்தப்பன் கை. வேற யாரு? போனத் தூக்கிட்டு முன்னாடி முன்னாடி வந்தான். பந்தி நடக்கும்போது நாலு பேரு முன்னால வச்சு நறுக்குன்னு கேட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"இல்லங்கான். எவன் ஒத்துக்குவான்?"

கல்யாண வீட்டில் கேமரா பிடிப்பவனின் கோபம் தனி ரகம். காலையிலிருந்து காப்பிக்கும் இட்லிக்கும் அலைந்த சனம், கெட்டிமேளம் கேட்டதும் பாய்ந்து வந்து அவன் முன்னால் நிற்கும். ஒவ்வொரு கையிலும் ஒரு போன். ஒருத்தன் எடுத்தது அசிங்கமாக இருந்தாலும் கேள்வி இல்லை. இவன் எடுத்தது ஆடிப்போனால் ஏழு தலைமுறைக்கும் பேச்சு. கேமராக்காரன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

"தங்கச்சி ஏன் வேண்டாங்காங்க?" என்றார் டீச்சர். "படம் ஆடிப்போச்சுன்னா?"

"அத நேராச் சொன்னாக்கூடப் பரவால்ல டீச்சர். சம்பந்தமில்லாம என்னமோ பேசுதா. 'இந்தத் தடவையாவது தாலி கட்டுறத நான் பாக்கணும்ணே, மூத்தவளுக்கு உம் முதுகத்தான் பாத்தேன்'ங்கா. பெத்தவள யாரு பாக்க வேண்டாம்னது? சொல்லத் தெரியாம சாக்குச் சொல்லுதா."

டீச்சர் வாளியை வைத்துவிட்டு உள்ளே போனார். அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

நயினார் எட்டிப் பார்த்தார். அலமாரி நிறையப் பட்டைகள், பிடிகள், இரும்பு நாக்குகள், ரப்பர் சட்டைகள். அவர் பெயர்கூடக் கேள்விப்படாத சாமான்களும் இருந்தன.

"யாரோடது?"

"உங்களுக்கு முன்னாடி வந்தவங்களோடது."

"நல்லதில்லைன்னு விட்டுட்டுப் போனாங்களா?"

"எல்லாம் நல்ல சாமான்தான் அண்ணாச்சி. பட்டை போட்டா கேமரா கீழ விழாது. அந்த இரும்பு நாக்கு இருந்தா விரல் வலிக்காது. உங்களை மாதிரி பெரிய கைக்கு அடியில ஒரு பிடி இருந்தா சுகம்."

"அப்ப படம் ஆடாது."

"படத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

நயினாருக்கு முகம் சிவந்தது.

"விளையாடுதீங்களா? இவ்வளவு தூரம் பஸ்ஸேறி வந்திருக்கேன்."

டீச்சர் வெளியே வந்து, கல்லின் மேலிருந்த எல்லாவற்றையும் அவரிடம் தள்ளினார்.

"மாட்டுங்க."

"எத?"

"எல்லாத்தையும்."

நயினார் மாட்டினார். ஒவ்வொரு திருகாணியையும் யாரையோ திருகுவதுபோல் திருகினார். கடைசியில் கேமரா, நகையெல்லாம் பூட்டிய கல்யாணப் பெண்போல அசைய முடியாமல் இருந்தது.

"அந்த வாளிய ஒரு படம் எடுங்க."

எடுத்தார். வாளியின் விளிம்பிலிருந்த கீறல்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது.

"பாத்தீங்களா," என்றார் நயினார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "பிடி இருந்தா ஆடாது."

"கழட்டுங்க."

"எத?"

"எல்லாத்தையும்."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். வெறும் கேமராவை, பெரிய லென்ஸோடு, இடக்கையால் அடியில் தாங்கி, அதே வாளியை எடுத்தார்.

அதே கீறல். அதே துல்லியம்.

நயினார் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கேவலப்படுத்தப்பட்டதுபோல் இருந்தது அவருக்கு.

"வாளிதான டீச்சர்? அது செவனேன்னு நிக்கி. அது முன்னாடி எவன் வாரான்? மண்டபத்துக்கு வந்து பாருங்க, தெரியும்."

"சரி, போவோம்."

"இன்னைக்கு ஏது முகூர்த்தம்?"

"கூட்டம்தான வேணும்? கெளம்புங்க."

நயினார் எல்லாப் பிடிகளையும் மறுபடி மாட்டிக்கொண்டார். டீச்சர் தடுக்கவில்லை.

படகுகள் கரைக்கு வந்திருந்தன. ஈர மணலில் மீன் கூறு கூறாகக் கொட்டிக்கிடந்தது. ஒவ்வொரு கூறையும் சுற்றி ஒரு சண்டை நடப்பது போலிருந்தது. ஏலக்காரர் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார். கேட்பவர்களும் கத்தினார்கள். கேட்காதவர்கள் இன்னும் கத்தினார்கள்.

டீச்சர் நயினாரின் காதருகில் சொன்னார்.

"ஏலம் முடியும்போது அவரு ஒரு சத்தம் கொடுப்பாரு. அப்ப அவரு முகத்த எடுங்க. அந்த நொடி போச்சுன்னா வராது."

"தாலி மாதிரி."

"அப்படித்தான் வச்சுக்கிடுங்க."

நயினார் காலை அகற்றி ஊன்றினார். கேமராவைக் கண்ணில் வைத்தார். தோல்பட்டை கையை இறுக்கியது. கட்டைவிரல் இரும்பு நாக்கில் போய் உட்கார்ந்தது. விலை ஏறியது. ஒருவன் குறுக்கே வந்தான். நயினார் பல்லைக் கடித்தார். இன்னொருவன் தோளை இடித்துக்கொண்டு போனான். "ஒதுங்குய்யா," என்று கத்தினார். விலை இன்னும் ஏறியது. இடுப்பில் சாளை மீன் கூடையோடு ஒரு பெண் இடப்பக்கமிருந்து நெருக்கிக்கொண்டு வந்தாள்.

ஏலக்காரர் சத்தம் கொடுத்தார்.

நயினார் அழுத்தினார்.

"யோவ்," என்றாள் கூடைக்காரி. "யாரக் கேட்டுய்யா தள்ளுத?"

"நீ எதுக்கும்மா குறுக்க வந்த?"

"நானா குறுக்க வந்தேன்? என் மீனு கிடக்கு, நான் வாரேன். வேலவெட்டி இல்லாம நடுவுல நிக்கது நீ. கொஞ்சம் விட்டா கூடை கவுந்திருக்கும். இதுல பாதி சாளை மண்ணுக்குப் போயிருந்தா உங்கப்பனா வந்து குடுப்பான்?"

"ஒரு நிமிசம் பொறுக்க முடியாதா உங்களுக்கெல்லாம்?" என்றார் நயினார். "வெளிய எங்க போனாலும் இதே எழவுதான். ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம் எம் முன்னாடி வராம இருந்தா என்ன குறைஞ்சா போயிருவீங்க?"

அவள் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவர் காதிலும் அது ஏறவில்லை. அவர் படத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

படம் ஆடியிருந்தது.

ஏலக்காரருக்கு இரண்டு வாய் இருந்தது. இடது ஓரத்தில் மங்கலாக ஒரு கை.

நயினார் கேமராவை டீச்சரின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. பட்டை, பிடி, ரப்பரு, எல்லாம் போட்டும் ஆடிப்போச்சு. இங்கயும் ஒரு நாசமாப்போறவன் கைய நீட்டிட்டான். நான் என்ன செய்ய? எனக்குன்னு எங்கிருந்துதான் வாரானுவளோ."

"யாரு கை?" என்றார் டீச்சர்.

"எவனோ."

"எவன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கேமராக்குள்ள இருந்தேன்."

"மோந்து பாருங்க."

"எத?"

"கைய."

நயினார் அவரை முறைத்தார். ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தார். டீச்சரின் முகத்தில் சிரிப்பில்லை. அங்கேயும் கோபம்தான் இருந்தது.

கேமராவை மார்பில் தொங்கவிட்டு, வலக்கையைப் பட்டையிலிருந்து உருவி மூக்கருகே கொண்டுபோனார். ரப்பரும் தோலும் நாறின.

"ஒண்ணுமில்ல."

"அந்தக் கை இல்ல அண்ணாச்சி."

நயினார் இடக்கையைத் தூக்கினார்.

உள்ளங்கை ஈரமாக இருந்தது. இரண்டு விரல்களுக்கு நடுவில் சாளைச் செதில்கள் ஒட்டியிருந்தன. மோந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் மோந்து பார்த்தார்.

கூடைக்காரி இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது அது அவர் காதில் விழுந்தது. அவள் சொல்வதை அவர் நின்று கேட்டார். முடித்துவிட்டு அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

நயினார் போனை எடுத்தார். மூத்தவளின் கல்யாணப் படத்தைத் திறந்தார். ஓரத்திலிருந்த அந்தக் கையை விரலால் பெரிதாக்கினார். இதுவரை அவர் அந்தக் கையை மட்டும்தான் பார்த்திருந்தார். இப்போது அதற்கும் அந்தப் பக்கம் பார்த்தார். விரல்கள் எதையோ அழுத்திப் பின்னால் தள்ளியிருந்தன. படத்தின் விளிம்பில் அரக்கு நிறத்தில் பட்டு, ஒரு கீற்று.

தன் இடக்கையை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் அடுத்த கூறுக்கு விலை ஏற ஆரம்பித்திருந்தது.

பிறகு தங்கையைக் கூப்பிட்டார்.

"கேமராப் பேச்சுன்னா வேண்டாம்ணே," என்றாள் கோமதி எடுத்த எடுப்பில். "சொன்னது சொன்னதுதான்."

"அது இல்லட்டி."

"பெறகு?"

"மூத்தவ கல்யாணத்தன்னிக்கு நீ என்ன சேலை கட்டியிருந்த?"

லைன் போய்விட்டதோ என்று நயினார் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"அரக்குப் பட்டு," என்றாள் கோமதி. "இப்பத்தான் கேக்கத் தோணிச்சாண்ணே உனக்கு?"