ஆசாரியிடம் போன ஊஞ்சல் பலகை

தூத்துக்குடி உப்பு வியாபாரி சங்கரபாண்டி அண்ணாச்சிக்குத் தன் வீட்டைக் குறை சொன்னால் ஆகாது. சொன்ன ஆளுக்கு அந்த வீட்டில் அப்புறம் காபி கிடையாது. மெருகேற்றவென்று வேலைக்காரன் கழற்றிக்கொண்டு போன ஊஞ்சல் பலகையை ஆசாரி இன்னும் தரவில்லையே என்ற எரிச்சல் வேறு அவருக்கு.

மகளுக்கு ஒரு பழைய வீடு வாங்க நினைத்தார். வேலைக்காரன் சுடலைமணியைக் கூப்பிட்டு, "வீட்டைச் சோதிச்சு உண்மையைச் சொல்ற இன்ஜினியர் வேணும். தேடிப் பிடி, இல்லாட்டி வேலையை விட்டு நின்னுக்கோ" என்று உறுமினார்.

சுடலைமணி மூன்று பேரை வரவழைத்தான். வாங்கப்போகும் வீட்டுக்கு அல்ல, அண்ணாச்சி வீட்டுக்கே!

முதல் ஆள், "அரண்மனை" என்றார். அடுத்தவர், "இதுகிட்ட அரண்மனையே பிச்சை வாங்கணும்" என்றார். மூன்றாமவர் ஏணி கேட்டு ஏறி, தட்டிப் பார்த்துவிட்டு, "ஊஞ்சல் உத்திரத்தைக் கரையான் தின்னுருச்சு. உக்காந்தா தலையில விழும்" என்றார்.

"இவனை வெளியே தள்ளுலே!" என்று கத்தினார் அண்ணாச்சி.

"மொதலாளி, இவர்தான் நம்ம ஆளு" என்றான் சுடலைமணி. "உங்களுக்கே பயப்படாதவரு, வீட்டை விக்கிறவனுக்கா பயப்படப் போறாரு?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே, கரையான் விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். உதிர்ற மண்ணைத் தினமும் கூட்டுறது நான்தானே."

"பிறகு ஏம்லே சொல்லலை?"

"சொன்னா என் காபி போயிருமே மொதலாளி. அதான், ஊஞ்சல் பலகையைக் கழட்டி என் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன்."