நூல்கண்டு நின்ற இடம்

தீயணைப்பு வீரர் பிரமநாயகத்துக்கு அரை விநாடி தேவைப்பட்டது. எந்தக் கடையிலும் கிடைக்காத சரக்கு அது.

ஐம்பது மீட்டர் தவளை நீச்சலில் கோட்ட அணியின் இடம் பதினோரு வருடமாக அவருடையது. இந்த வருடம் இசக்கிராஜா என்று ஒருவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவன் நேரம் முப்பத்து மூன்றரை விநாடி. நாயகத்தின் நேரம் முப்பத்து நான்கு. மாநிலப் போட்டிக்கு ஒருவர்தான் போகலாம். அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் தேர்வு வைப்பார்கள். இரண்டிலும் சேர்த்து யார் நேரம் மிகக் குறைவோ அவருக்கே இடம்.

நாயகம் நீச்சல் குளத்துப் பயிற்சியாளர் ஜெசிந்தாவிடம் போனார். அவருக்கு முப்பத்தொன்பது வயது, ஜெசிந்தாவுக்கு இருபத்தொன்பது. “இந்த வயசுல போயி ஒரு சின்னப் பிள்ளைகிட்டயா?” என்று நிலையத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று போனாரே, அதற்கே அவருக்கு ஒரு சபாஷ் போடலாம்.

குளத்துச் சுவரில் பழைய சாதனைப் பலகை தொங்கியது. பெண்கள் தவளை நீச்சலில் முதல் பெயர் சந்திரிகா. அதற்குக் கீழே ஜெசிந்தா. இரண்டுக்கும் நடுவே ஒரு விநாடியில் நூறில் நாலு பங்கு.

“ரெண்டாவதா இருக்கமேன்னு எரியலையா கோச்?” என்று வந்த அன்றே கேட்டுவிட்டார் நாயகம்.

“எரியாம? மூணு நாள் சோறு இறங்கல.” ஜெசிந்தா சிரித்தார். “சரி, நீந்துங்க. பாப்போம்.”

நாயகம் தண்ணீரோடு மல்லுக்கட்டினார். பக்கத்து லேன் வரை அலை அடித்தது. மூச்சு வாங்கக் கரையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அரை விநாடி எங்க கிடைக்கும் கோச்? இன்னும் பலம் ஏத்தணுமா?”

ஜெசிந்தா கைப்பையைத் துழாவி, பட்டன் தைக்க வைத்திருந்த நூல்கண்டை எடுத்தார். அதன் துளையில் ஒரு பேனாவை நுழைத்தார். நூல் நுனியை நாயகத்தின் இடுப்புக்குப் பின்னால் நீச்சல் உடையில் முடிந்தார்.

“இப்ப நீந்துங்க.”

பேனாவின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு, குதிக்கிற மேடையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நூல்கண்டு சுழன்றது.

நாயகம் திரும்பி வந்ததும் கண்ணைத் திறந்தார். “இருபத்து நாலு தடவை கை போட்டீங்க. இருபத்து நாலு தடவையும் நின்னுட்டீங்க.”

நாயகத்துக்குச் சுருக்கென்றது. “உயிரைக் குடுத்து நீந்துதேன். நின்னுட்டேன்னு சொல்லுதீங்களே!”

ஜெசிந்தா நூலைச் சுற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, நுனியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு குதித்தார்.

நாயகத்தின் கையில் நூல்கண்டு ஓடியது. கை இழுத்தபோது ஓடியது. கால் உதைத்தபோது இன்னும் வேகமாக ஓடியது. கால் மடங்கும்போது இதோ நிற்கும் என்று காத்திருந்தார். சற்றுத் தளர்ந்தது, நிற்கவில்லை. மறுகரை வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. தண்ணீரில் இப்படியும் போக முடியுமா என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

“நான் எந்த இடத்துல நிக்கேன் கோச்?” இப்போது குரல் இறங்கியிருந்தது.

“காலை மடக்கையில. முழங்காலை வயித்துக்கு இழுக்கீங்க. தொடை ரெண்டும் போய்த் தண்ணியை முட்டுது. குதிகாலை இடுப்புக்குக் கொண்டு வாங்க, போதும்.”

“பலமா மடக்குனாத்தான பலமா உதைக்க முடியும்?”

“பலமா மடக்குதீங்க. அதான் பலமா நிக்கீங்க.”

“பதினோரு வருசமா எனக்கு ஏன் இது தெரியல?”

“நீந்துதவருக்குத் தெரியாது அண்ணாச்சி. நூல் பிடிக்கவருக்குத்தான் தெரியும்.”

பன்னிரண்டு நாள். நூல் சிக்கியது, அறுந்தது, ஒரு நாள் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டது. முதல் வாரம் நேரம் முப்பத்து நாலரைக்கு ஏறியது. நாயகம் சோர்ந்துபோனார். ஜெசிந்தா கடிகாரத்தை உள்ளே வைத்துவிட்டு நூலை மட்டும் பிடித்தார். பதினோராம் நாள் நூல்கண்டு எங்கேயும் நிற்கவில்லை.

முதல் தேர்வில் நாயகம் முப்பத்து மூன்று புள்ளி இரண்டு. இசக்கிராஜா முப்பத்து மூன்று புள்ளி நாலு. நாயகம் சின்னப் பிள்ளை மாதிரி தண்ணீரை அடித்துக் கொண்டாடினார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இசக்கிராஜா வந்தான். “போன மாசம் முப்பத்து நாலுல இருந்தீங்க அண்ணாச்சி. எப்படி இது? எனக்கும் சொல்லித் தாங்களேன்.”

காலையில் அவன் நீந்திப் பழகியதை நாயகம் பார்த்திருந்தார். அவனும் முழங்காலை வயிற்றுக்குத்தான் இழுத்தான்.

“கொஞ்சம் இருடே” என்று அவனை நிறுத்திவிட்டு ஜெசிந்தாவிடம் போனார். அவர் குதிக்கிற மேடையில் உட்கார்ந்து ஈர நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அவன் கால் என்னோட பழைய கால்தான் கோச்” என்றார் நாயகம் மெதுவாக. “அது மட்டும் சரியாச்சுன்னா அடுத்த சனிக்கிழமை என் இடம் போயிரும். நான் அவன்கிட்ட என்ன சொல்ல?”

ஜெசிந்தா நூலைச் சுற்றி முடித்தார்.

“உங்களுக்கு நான் நூல் பிடிச்சேன். எனக்கு யாரு பிடிச்சாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே அண்ணாச்சி.”

“யாரு?”

ஜெசிந்தா நூல்கண்டை அவர் கையில் வைத்தார். பிறகு சுவரிலிருந்த பலகையைக் காட்டினார்.

“என் பேருக்கு மேல இருக்காளே, அவ. அவளுக்கு நான்.”