மேலிருந்து பார்த்த குரங்கு

வட துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பனிக்காடு இருந்தது. காட்டின் நடுவே ஓர் ஏரி. குளிர்காலத்தில் அங்கே சூரியன் தலைகாட்டாது, நண்பகலிலும் இருட்டுதான். ஏரியும் கல்லாக உறைந்துவிடும்.

அந்த இருட்டில் சில நாட்கள் துருவ ஒளி தோன்றும். பச்சையும் சிவப்புமாக வானமெங்கும் திரைச்சீலை போல அசையும். அப்போது காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒளி வானத்தில் இருக்கும்வரை யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது. ஓநாய், கலைமான், நரி, முயல் எல்லாம் ஏரியின்மேல் ஒன்றாக நின்று வானத்தைப் பார்க்கும்.

தும்பை என்ற வெள்ளை முயலுக்கு அந்த வழக்கம்தான் சோறு போட்டது. குளிர்காலத்தில் தின்னக்கூடிய புதர்கள் ஏரிக்கு அக்கரையில்தான் இருந்தன. நடுவில் ஒளிந்துகொள்ள ஒரு செடிகூட இல்லை. ஒளி வந்தால்தான் தும்பை தன் குட்டிகளோடு ஏரியைக் கடக்கும்.

ஒருநாள் வானத்திலிருந்து ஓர் இரும்புக் கூண்டு பனியில் தொப்பென்று விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு குரங்கு இறங்கியது. மனிதர்கள் அதை ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் தேடி வரும்வரை குரங்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். குரங்கால் முடியுமா? தனக்குத்தானே ‘அண்டவாணர்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டு ஊர் ஊராக, அதாவது மரம் மரமாக, சொற்பொழிவு செய்யத் தொடங்கியது. போன வழியெல்லாம் தன்னைக் கட்டிப்போட்டிருந்தார்கள் என்பதை மட்டும் அடக்கம் கருதிச் சொல்லவில்லை.

சில நாளில் துருவ ஒளி வந்தது. எல்லா விலங்குகளும் வாயைப் பிளந்து நின்றன. குரங்கு கொட்டாவி விட்டது.

“இதற்கா இவ்வளவு கூட்டம்? இதை நான் மேலிருந்தே பார்த்துவிட்டேன்! பூமியின் தலையில் ஒரு பச்சை வளையம். என் காலுக்குக் கீழே கிடந்தது! நீங்கள் பார்ப்பது வெறும் அடிப்பக்கம்!”

“அடிப்பக்கமே இவ்வளவு அழகா!” என்றது தும்பை.

“அறியாமை! காலுக்குக் கீழே கிடப்பதற்காக யாராவது வேட்டையை நிறுத்துவார்களா?”

ஓநாயின் காது விடைத்தது. அதற்கு அறிவியலில் ஆர்வம் பிறந்ததே அன்றுதான்.

“ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்! நேரில் போய்ப் பார்த்தவர் ஆயிற்றே! அடுத்த முறையிலிருந்து ஒளி வந்தாலும் வேட்டை உண்டு!”

“மேலிருந்து பார்த்தவரே சொல்கிறாரே” என்று கலைமானும் தலையாட்டியது. அடுத்து யாருடைய கறி என்று அது யோசிக்கவில்லை.

தும்பை பதறிப்போனது. “ஐயா, ஒளி இருக்கும்போதுதான் என் குட்டிகள் சாப்பிடும். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லுங்கள்!”

“உண்மையை மாற்ற முடியாதம்மா. நீயும் ஒருமுறை விண்வெளிக்குப் போய்வா, புரியும்” என்றது குரங்கு. முயலுக்கு ராக்கெட் எங்கே கிடைக்கும் என்று சொல்லாமலே போய்விட்டது.

மறுபடி ஒளி வந்தபோது ஏரி வெறிச்சோடிக் கிடந்தது. பயந்து எல்லாரும் காட்டுக்குள் பதுங்கிவிட்டார்கள். தும்பை மட்டும் பசித்த குட்டிகளோடு கரையில் தயங்கி நின்றது. அண்டவாணரோ ஏரிமேல் உலாப் போனார். ஓநாய் எதிரே வந்தது.

“ஏய்! வானத்தில் ஒளி இருக்கிறது! வழக்கம் என்ன ஆயிற்று?” என்று கத்தியது குரங்கு.

“தாங்கள்தானே ஐயா நிறுத்தச் சொன்னீர்கள்!” என்றது ஓநாய், மிகுந்த மரியாதையோடு.

ஏற ஒரு மரம் இல்லை. குரங்கு ஓடி, வழுக்கி, மல்லாந்து விழுந்தது. அப்போதுதான் மேலே பார்த்தது. பச்சை ஒளி அதன் முகத்துக்கு நேரே இறங்கி வந்தது.

“அடடா! இது இப்படியா இருக்கும்!” என்றது.

ஓநாய் வாயைத் திறந்தது.

“ஓநாயாரே, பொறுங்கள்!” கரையிலிருந்து தும்பை கூவியது. “மேலிருந்து பார்த்தவர் என்றுதானே அவர் பேச்சைக் கேட்டீர்கள்? இப்போது கீழிருந்தும் பார்த்துவிட்டார். இரண்டையும் பார்த்தவர் இங்கே அவர் ஒருவர்தான். என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்!”

ஓநாய் விழித்தது. குரங்கு அவசரமாகச் சொன்னது:

“மேலிருந்து பார்த்தபோது வளையம் முழுசாகத் தெரிந்தது. அதன் அடியில் இத்தனை பேர் நிற்பது தெரியவில்லை. அழகும் பொய்யில்லை, உங்கள் வழக்கமும் தப்பில்லை. நான்தான் உளறினேன்!”

அதைக் கேட்டுக் கலைமான் தன் கூட்டத்தோடு ஏரிக்கு வந்தது. அத்தனை கொம்புகளையும் பார்த்ததும் ஓநாய்க்கு அறிவியலில் இருந்த ஆர்வம் போய்விட்டது. நல்ல பிள்ளையாக உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது.

தும்பை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்கு நடந்தது. குரங்கு மல்லாந்தபடியே கிடந்தது. தேடி வந்த மனிதர்கள் கூப்பிட்டபோதும் அது உடனே எழுந்திருக்கவில்லை.

நீதி: எவ்வளவு உயரத்துக்குப் போய்வந்தவரானாலும், கீழே இருப்பவர்களைக் குறை சொல்வதற்கு முன் அவர்களோடு கொஞ்ச நேரம் கீழே நின்று பார்க்க வேண்டும்.