உறுமன் வாங்கிய பத்து பேனல்

ஒரு காட்டில், அதுவும் மழையை நம்பிப் பிழைக்கிற கரட்டுக்காட்டில், உறுமன் என்றொரு பன்றி சேனைக்கிழங்கு பயிரிட்டு வந்தது. அதற்கு ஒரு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு பழைய கரண்டு மோட்டார், சேத்தாயி என்றொரு மனைவி, ஏழு குட்டிகள். காட்டுக்குள் கரண்டு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள் பிள்ளைகளே. பன்றி விவசாயம் பார்த்ததை நம்பிவிட்டீர்கள் அல்லவா, இதையும் நம்பிவையுங்கள்.

புரட்டாசியில் தோண்டப்போகிற கிழங்குதான் அந்த ஏழு குட்டிகளுக்கும் அடுத்த வருஷம் முழுக்கச் சோறு. உறுமன் நல்ல உழைப்பாளி. அடுத்தவன் இலையில் என்ன விழுகிறது என்று எட்டிப் பார்க்கிற ஒரு குணம்தான் அதற்குக் கோளாறு.

ஒரு நாள் மரங்கொத்தி வந்து தண்டோரா போட்டது.

"சிங்கராஜா உத்தரவு. விவசாயம் பண்றவங்க, செக்கு, மாவு மில் வெச்சிருக்கிறவங்க எல்லாரும் கேட்டுக்குங்க. கரண்டு மோட்டாரைக் கழட்டிட்டு வெயில்ல ஓடுற மோட்டார் போட்டுக்கிட்டா, மோட்டாரும் சோலார் பேனலும் அரண்மனை மானியம். ஆனி, ஆடி, ஆவணி, இந்த மூணு மாசம் மீட்டர் எவ்வளவு ஓடுதுன்னு பார்ப்போம். வெயிலுக்கு மாறினா யாருக்கு எவ்வளவு கரண்டு மிச்சமாகுமோ அதுக்குத் தக்கன பேனல்."

சிங்கராஜா பகலெல்லாம் தூங்குகிறவர். வெயில் என்று ஒன்று அடிப்பதே மந்திரி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஆனாலும் நல்ல திட்டம், குறை சொல்லக் கூடாது.

உறுமன் விசாரித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வந்தது.

"செக்குக் கரடிக்கு ஆறு பேனல் வருமாம். நமக்கு ரெண்டுதானாம்."

"கரடி பொழுதுக்கும் செக்கு ஓட்டுது. நமக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் தண்ணி பாய்ச்சினா தீர்ந்துது. ரெண்டே தாராளம்" என்றது சேத்தாயி. "அது வர்றதுக்குள்ள கிணத்துல குழாய் அடியில அந்த ஃபுட்வால்வு ஒழுகுது பாருங்க, அதை முதல்ல மாத்துங்க."

"ரெண்டு பேனலை வெச்சுக்கிட்டு அந்தக் கரடி மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

இதை வேலியில் உட்கார்ந்திருந்த ஓணான் கேட்டுக்கொண்டிருந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று பெரியவர்கள் சொல்வார்கள். உறுமனிடம் வேட்டி இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே விட்டுக்கொண்டிருக்கும்.

"அண்ணே, ஒரு மணி நேரம் ஓட்டினா உங்களுக்கு என்னண்ணே மிச்சமாகும்?" என்று ஓணான் தலையை ஆட்டியது. "மிச்சம் பிடிக்கணும்னா முதல்ல செலவு பண்ணணும்ல? மூணு மாசம் மோட்டாரை நிறுத்தாம ஓட்டுங்க. மீட்டர் சும்மா பிச்சுக்கிட்டு ஓடட்டும். கரடிக்கு ஆறுன்னா உங்களுக்குப் பத்து."

"பத்தா?"

"குறைஞ்சா என் பேரை மாத்திக்கூப்பிடுங்க."

உறுமனுக்குக் காது இரண்டும் நிமிர்ந்துவிட்டது. நேராகப் போய் மோட்டாரைப் போட்டது. சேத்தாயி ஓடி வந்தது.

"ஏங்க, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? தண்ணி தேங்கினா சேனை அழுகிடும்."

"மூணு மாசம்தானே. சேனை அடுத்த வருஷமும் போட்டுக்கலாம். மானியம் அடுத்த வருஷம் வருமா?"

"புள்ளைங்க அடுத்த வருஷம் வரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டுக் கிடக்குமா?"

 பத்து பேனல் ஏற்கனவே உறுமனின் கண்ணுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஆனி மாதம் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆடியில் சேனைத்தண்டு மஞ்சளாகிச் சாய்ந்தது. தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடையில் இறங்கி, யாருக்கும் உதவாமல் போயிற்று. கொசு மட்டும் கூட்டம் கூட்டமாக வந்தது. ஓணானுக்குக் காலையும் மாலையும் கொசு விருந்து. அது தின்று தின்று, வேலிக்குச்சி வளைகிற அளவுக்குப் பெருத்துவிட்டது. அந்த யோசனையில் அதற்கு என்ன லாபம் என்று உறுமன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, பாவம்.

ஆவணிக் கடைசியில் மோட்டார் சேற்றை இழுத்தது, பிறகு காற்றை இழுத்தது, பிறகு கரகரவென்று கத்தி நின்றது. கிணற்றின் அடியில் ஒரு தவளை மட்டும் உட்கார்ந்து மேலே பார்த்தது. கொசு போனதும் ஓணானும் கரடி வீட்டு வேலிக்குக் குடிபோய்விட்டது.

சேத்தாயி அழுகின கிழங்கு ஒன்றைத் தோண்டி எடுத்து உறுமன் முன்னால் வைத்தது.  உறுமன் அதை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தது. இருந்தாலும், "பேனல் வரட்டும். மழை பெஞ்சுதுன்னா கிணறு தானா ஊறும்" என்று சொல்லிப் பார்த்தது.

மானிய ஆபீசர் ஆமை வந்தது. மீட்டரைப் பார்த்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தது.

"யப்பா, இந்தக் காட்டுலயே இவ்வளவு ஓட்டினவங்க யாருமில்ல. உங்களுக்குப் பத்து பேனல்."

யானை சுமந்து வந்து பத்து பேனலையும் நிறுத்திவிட்டுப் போனது. புது மோட்டார் பளபளவென்றிருந்தது. கரடி வேலைமெனக்கெட்டு வந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுப் போனது. உறுமன் மூன்று மாதம் ஏங்கியது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அது வந்தபோது கண் வறண்ட கிணற்றுப் பக்கம் போனதே தவிர, மனசு குளிரவில்லை.

மழை ஏமாற்றிவிட்டது. போன வருஷத்துக் கிழங்கும் தீர்ந்தது. சேத்தாயி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கத் தினமும் இரண்டு மைல் நடந்தது. அழுகாமல் கிடைத்த கிழங்கை ஏழு பங்கு போட்டால் பெரியவர்களுக்கு இல்லை, பெரியவர்களும் சாப்பிட்டால் குட்டிகளுக்குப் பற்றவில்லை.

ஒரு மாதம் கழித்து, எவ்வளவு மிச்சமாயிற்று என்று கணக்கெடுக்க ஆமை மறுபடியும் வந்தது. கூடவே மரங்கொத்தியும், ஒரு சாமந்தி மாலையும்.

"மேகம் போட்ட நாள்ல புது மோட்டாருக்கு எல்லாரும் கொஞ்சமாவது கரண்டு எடுத்திருக்காங்க. கரடிகூட எடுத்திருக்கு. நீங்க ஒரு யூனிட்டுகூட எடுக்கல. நூத்துக்கு நூறு மிச்சம். ராஜாவே கேட்டுச் சந்தோஷப்பட்டார். எப்படிங்க சாதிச்சீங்க?"

உறுமன் தலையைக் குனிந்துகொண்டது. சேத்தாயிதான் சொன்னது.

"கிணத்துல தண்ணி இல்லைங்க. அதனால மோட்டாரே போடல. வயல்ல பயிரும் இல்ல."

ஆமை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"கிணத்துக்கும் பயிருக்கும் இதுல கட்டம் இல்லையேம்மா" என்றது. "மின்சாரம்னு ஒரு கட்டம்தான் இருக்கு. அதுல நீங்கதான் முதல்."

மரங்கொத்தி தண்டோரா தட்டியது. ஆமை எக்கி எக்கிப் பார்த்து, எட்டாமல், கடைசியில் உறுமனைக் குனியச் சொல்லி மாலையைப் போட்டது. தண்டோரா கேட்டுக் கூடிய எல்லோரும் கை தட்டினார்கள்.

கடைக்குட்டி மெல்ல வந்து அந்த மாலையில் ஒரு பூவைக் கடித்தது. பின்னாலேயே மற்ற ஆறும் வந்தன.

"அப்பா, இதைத் திங்கலாமா?"

 உறுமன் கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தது. பசித்த பிள்ளைகளுக்குக் கொடுக்க அதனிடம் வேறொன்றும் இல்லை.

நீதி: இனாமாய் வரப்போவதைப் பெரிதாக்குவதற்காக, இருக்கிற கிணற்றை இறைத்துக் கொட்டாதே.